அக்கா பையனுக்கு ஃபுட்பால் ஏஜென்ட்னு ஒருத்தர் வந்திருக்கார், 3.5 லட்சம் கேக்குறார், நம்பலாமா?

வடசென்னை மாமா:

வணக்கம் மக்களே. ஃபுட்பால் பக்கம் விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்க, அவசரம். என் அக்கா பையன், 16 முடிஞ்சு அஞ்சு மாசம் ஆகுது, ப்ளஸ் ஒன் படிக்கிறான், லெஃப்ட் விங் ஆடுவான். தாய்மாமன் பெருமை பேசுறேன்னு நினைக்காதீங்க, பையன் நிஜமாவே நல்லா ஆடுவான், எங்க ஏரியால ஃபுட்பால் தெரியாம யாரும் வளரமாட்டாங்க, அதுல இவனை பத்தி நாலு பேர் பேசுறாங்கன்னா சும்மா இல்ல.

போன மாசம் ஒரு செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்) டோர்னமென்ட் ஃபைனல் முடிஞ்சதும் ஒருத்தர் வந்து கை குடுத்தார். தான் ஒரு ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் கம்பெனில இருக்கேன், ஃபிஃபா ஏஜென்ட் அப்படின்னு கார்டு குடுத்தார். ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கே வந்துட்டார், ஸ்வீட் பாக்ஸோட. போர்ச்சுகல்ல மூணாவது டிவிஷன் க்ளப் ஒண்ணுல 45 நாள் ட்ரையல், செலக்ட் ஆனா அங்கயே கான்ட்ராக்ட், விசா டிக்கெட் தங்குற செலவு எல்லாம் சேத்து 3.5 லட்சம், பாதி இப்பவே கட்டணும், இந்த சீசன் விட்டா ஸ்லாட் போயிடும்ங்குறார். கூடவே ஒரு பேப்பர் குடுத்திருக்கார், ஆறு பக்கம், இங்கிலீஷ். அதுல எனக்கு புரிஞ்ச வரைக்கும் அஞ்சு வருஷம் இவர்தான் ஏஜென்ட், பையனுக்கு வர்ற எல்லா வருமானத்துலயும் 20 பர்சென்ட் இவருக்கு, அஞ்சு வருஷம் முடிஞ்ச பிறகும் வேற யாராவது ஆஃபர் குடுத்தா முதல்ல இவர்கிட்ட காட்டணும், அவர் அதே ரேட்டுக்கு ஓகேன்னா அவரைத்தான் வெச்சுக்கணும்.

அக்கா நகையை வெக்கலாம்னு முடிவே பண்ணிட்டா. மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஆட்டோ ஓட்றார், அவர் ஒண்ணும் பேசமாட்டேங்குறார். பையன் ராத்திரி தூங்கறதில்ல, போன்ல போர்ச்சுகீஸ் கத்துக்கிறான். நான் வேணாம்னு சொன்னா நாளைக்கு "மாமாவாலதான் என் லைஃப் போச்சு"ன்னு ஆயிடும், சரின்னு சொன்னா நகை போகும். என்ன பண்ண?

மைதான மண்ணு:

தம்பி, நான் பதினஞ்சு வருஷம் ஆடி, இப்ப பசங்களுக்கு கோச்சிங் குடுக்குறேன். ஒரே ஒரு விஷயம் பாருங்க, காசு எந்தப் பக்கம் போகுதுன்னு. ஏஜென்ட்டுக்கு காசு எப்ப வரும்? ப்ளேயருக்கு க்ளப் சம்பளம் குடுத்த பிறகு அதுல ஒரு பங்கு. இவன் ஆடறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட காசு வாங்குறான்னா அவனுக்கு பையன் செலக்ட் ஆகணும்ங்கிற அவசியமே இல்லையே. அவன் சம்பாத்தியம் ட்ரையல்லயே முடிஞ்சுபோச்சு. பையன் கோல் போட்டா என்ன, பெஞ்சுல உக்காந்தா என்ன.

எனக்கும் நடந்திருக்கு அதான் சொல்றேன். எனக்கு 19 வயசுல கல்கத்தால பெரிய க்ளப்ல ட்ரையல்னு ஒருத்தர் 40 ஆயிரம் வாங்குனார், அப்ப அது எங்கப்பாவோட ஒன்பது மாச சம்பளம். போய் பாத்தா ஒரு கிரவுண்டுல எங்கள மாதிரி அறுபது எழுபது பசங்க, கேரளா, மணிப்பூர், நாக்பூர்லருந்தெல்லாம். க்ளப்காரங்கன்னு யாருமே வரல, யாரோ ரெண்டு பேர் ட்ராக் சூட் போட்டு நோட்டுல எழுதுனாங்க, அவ்வளவுதான். ரயில்ல அன்ரிசர்வ்டுல திரும்பி வந்தேன். வீட்ல முழங்கால் வலின்னு பொய் சொன்னேன்.

பதினஞ்சுக்கு இருபது:

மாமா, நான் ஃபிஃபா ஏஜென்ட் பரீட்சை எழுதுனவன். 2023 ஏப்ரல் மாசம் நடந்த முதல் பரீட்சைலயே எழுதினேன், புட்டுக்கிச்சு, அப்புறம் திரும்ப எழுதி பாஸ் பண்ணேன் (பேர் காரணம் புரியுதா, 20 கேள்வி, 75 பர்சென்ட் எடுக்கணும், அதாவது 15 சரியா இருக்கணும், ஒரு மணி நேரம். புஸ்தகத்த பாத்தே எழுதலாம், ஆனா அந்த புஸ்தகம் ஐநூறு பக்கத்துக்கு மேல, தேடிட்டு உக்காந்தா டைம் போயிடும்). முதல் பரீட்சை எழுதுனவங்க 3,800 பேர், பாஸ் ஆனது 1,962 பேர்.

உங்க கேஸ்க்கு வர்றேன். முதல்ல ட்ரையல் கதை. 18 வயசுக்கு கீழ இருக்கற ப்ளேயர வெளிநாட்டு க்ளப் ரிஜிஸ்டர் பண்ணவே முடியாது, ஃபிஃபா ட்ரான்ஸ்ஃபர் ரூல்ல 19-ஆவது பிரிவு. விதிவிலக்கு சிலது இருக்கு, அப்பா அம்மா ஃபுட்பால் சம்பந்தமில்லாத காரணத்துக்கு அந்த நாட்டுக்கு குடி போனா, இல்ல ஐரோப்பிய யூனியனுக்குள்ளயே 16-லருந்து 18 வயசுக்குள்ள மாறினா, இல்ல பார்டர் பக்கத்துல 50 கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்தா, இந்த மாதிரி. ஆட்டோ ஓட்டுற அப்பாவோட சென்னைல இருக்கற பையனுக்கு இதுல எது பொருந்தும்? ஆக அவன் அங்க போய் மெஸ்ஸி மாதிரியே ஆடினாலும் அந்த க்ளப்பால கான்ட்ராக்ட் போட முடியாது. செலக்ட் ஆனா அங்கயே கான்ட்ராக்ட்னு அவர் சொல்றதே பொய்.

ரெண்டாவது, மைனர் ப்ளேயர் விஷயத்துல ஏஜென்ட் இஷ்டத்துக்கு வந்து பேசக்கூடாது. பையன் எந்த நாட்டுல ஆடப்போறானோ அந்த நாட்டு சட்டப்படி முதல் ப்ரொஃபஷனல் கான்ட்ராக்ட் எப்ப போட முடியுமோ, அதுக்கு ஆறு மாசம் முன்னாடிதான் அணுகவே முடியும், அதுவும் முதல்ல பெத்தவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டுத்தான். இவர் நேரா கிரவுண்டுல பையன் கைல கார்டு குடுத்திருக்கார். மைனர்கிட்ட கமிஷனும் வாங்கக்கூடாது, நிஜமாவே ஒரு ப்ரொஃபஷனல் கான்ட்ராக்ட் போட்டுக் குடுத்தா மட்டும்தான். மைனரோட வேலை செய்யணும்னா ஏஜென்ட் அதுக்குன்னு தனியா ஒரு கோர்ஸ் வேற முடிச்சிருக்கணும்.

மூணாவது, ப்ளேயரோட போடற ரெப்ரசென்டேஷன் அக்ரிமென்ட் அதிகபட்சம் ரெண்டே வருஷம். தானா நீளாது, திரும்ப புதுசா கையெழுத்து போடணும். அஞ்சு வருஷம்னு பேப்பர் அடிச்சிருக்கார்னா ஒண்ணு ரூல் தெரியாது, இல்ல உங்களுக்கு தெரியாதுன்னு தெரியும்.

அவர் பேரை ஃபிஃபா வெப்சைட்ல ஏஜென்ட் லிஸ்ட்ல தேடுங்க, எல்லாரும் பாக்கலாம். கம்பெனி பேர தேடாதீங்க. லைசென்ஸ் ஆளுக்குத்தான், கம்பெனிக்கு கிடையாது.

ரெண்டாம் பாதி:

எல்லாரும் சேர்ந்து ஏஜென்ட்டுன்னாலே திருடன்னு ஆக்கிடாதீங்கப்பா. இந்த ஆள் ஃப்ராடுதான், சந்தேகமில்ல. ஆனா ஏஜென்ட் இல்லாம நம்ம பசங்க படற பாடு யாருக்கும் தெரியாது. எங்க ஊர் பையன் ஒருத்தன், க்ளப் ஆபீஸ்ல கூப்ட்டு ஒரு பேப்பர நீட்டினாங்க, கையெழுத்து போட்டான், மூணு வருஷம். முட்டி லிகமென்ட் போச்சு. ஆபரேஷன் செலவு யாருதுன்னு பேப்பர்ல ஒரு வரி இல்ல, சொந்த காசுல பண்ணான். ஒரு நல்ல ஏஜென்ட் இருந்திருந்தா அந்த ஒரு வரிய முதல் நாளே எழுத வெச்சிருப்பான், அவன் வாங்குற கமிஷனுக்கு அது ஒண்ணு போதும்.

பெல்ஜியம் ப்ளேயர் கெவின் டி ப்ரூய்னா 2021-ல மான்செஸ்டர் சிட்டியோட ஏஜென்ட் இல்லாமலே கான்ட்ராக்ட் புதுப்பிச்சார்னு எல்லாரும் ஃபார்வர்ட் பண்றாங்க. அவர் டேட்டா அனலிஸ்ட்டுங்கள வெச்சு தன் மதிப்பு இவ்வளவுன்னு ரிப்போர்ட் போட்டு எடுத்துட்டு போனாரு, கூட அப்பாவும் வக்கீலும். நம்ம பையன்கிட்ட என்ன இருக்கு, செவன்ஸ் கப்போட எடுத்த செல்ஃபியா?

வடசென்னை மாமா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதினஞ்சுக்கு இருபது தம்பி, அந்த 18 வயசு ரூல் அக்காகிட்ட சொன்னேன், "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க, சார் பெரிய இடத்துல பழக்கம் உள்ளவர்"ங்குறா. என்னத்த சொல்ல.

ஒரு டவுட். 20 பர்சென்ட்ங்கிறது நார்மலா? அப்புறம் அந்த பேப்பர்ல அக்காவோ மாமாவோ கையெழுத்து போட்டா பையன் மாட்டிப்பானா? அக்கா கேக்குறா, பையன் மைனர்தானே, நாளைக்கு செல்லாதுன்னு சொல்லிக்கலாமேன்னு. டோக்கன் அட்வான்ஸ்னு பத்தாயிரம் ஏற்கனவே ஜிபே பண்ணிட்டாங்களாம், எனக்கே இன்னைக்குதான் தெரியும்.

கறுப்பு கோட்டு:

வக்கீல் பதில் சொல்றேன், ஃபீஸ் வேணாம்.

மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1872 இந்திய ஒப்பந்த சட்டத்துலயே 11-ஆவது பிரிவு இருக்கு, 1903-ல மொஹோரி பீபி வழக்குல ப்ரிவி கவுன்சில் (அப்ப நமக்கு உச்ச கோர்ட், லண்டன்ல) அடிச்சு சொன்னது, அடியோட செல்லாதுன்னு. மைனர் பேர்ல அப்பாவோ அம்மாவோ "என் பிள்ளை உழைப்பான்"னு கையெழுத்து போட்டாலும் பையன அத வெச்சு கட்டிப்போட முடியாது, 1940கள்ல பம்பாய்ல ஒரு சினிமா வழக்கு இருக்கு, அப்பா மகளை நடிக்க வெக்க போட்ட ஒப்பந்தம், அதுவும் நிக்கல.

இத படிச்சிட்டு அக்கா "அப்ப சரி, போட்டுடலாம்"னு கிளம்பிடப் போறாங்க, அதான் பயம். பையன்தான் மாட்டமாட்டான். அக்கா தன் பேர்ல "நான் 3.5 லட்சம் தர்றேன்"னு கையெழுத்து போட்டா அது மேஜர் போட்ட ஒப்பந்தம், அவங்க மாட்டுவாங்க. கட்டின காச திரும்ப வாங்க கன்ஸ்யூமர் கோர்ட்டு, போலீஸ்னு அலையணும், ஆட்டோ ஒரு நாள் நின்னா என்ன ஆகும்னு மாமாவுக்குத் தெரியும்.

அப்புறம் அந்த அஞ்சு வருஷம் முடிஞ்ச பிறகும் என்கிட்டதான் முதல்ல காட்டணும்ங்கற க்ளாஸ் இருக்கே, அது எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு யோசிச்சேன். கிரிக்கெட் ப்ளேயர் ஜாகீர் கான் கேஸ்! ஜாகீர் 2000 நவம்பர்ல பெர்செப்ட் டிமார்க்னு ஒரு கம்பெனியோட மூணு வருஷ ஒப்பந்தம் போட்டார். முடிஞ்சதும் வேற கம்பெனிக்கு போகப் பாத்தார், இல்ல இல்ல, மூணாவது ஆள் குடுக்கற ஆஃபர எங்ககிட்ட காட்டணும், நாங்க அதே தொகை குடுத்தா எங்ககிட்டதான் இருக்கணும்னு அவங்க கோர்ட்டுக்கு போனாங்க. 2006 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஒப்பந்த காலம் முடிஞ்ச பிறகும் ஒருத்தன் தொழில கட்டுப்படுத்தற ஷரத்து அதே ஒப்பந்த சட்டத்தோட 27-ஆவது பிரிவுப்படி செல்லாது, அதுவும் இது நம்பிக்கை வெச்சு நடக்கற உறவு, பிடிக்காதவனோட இருன்னு ஒரு ப்ளேயர தள்ள முடியாதுன்னு. எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்த ஆள் இன்னமும் அதே க்ளாஸ காப்பி அடிச்சு வெச்சிருக்கான் பாருங்க. ஒரு விஷயம், ஒப்பந்த காலத்துக்குள்ள வேற ஏஜென்ட்ட வெக்கக்கூடாதுன்னு எழுதினா அது செல்லும். அத இதோட குழப்பிக்காதீங்க.

பத்தாயிரம் ஜிபே பண்ண ஸ்க்ரீன்ஷாட், அவர் பேசின வாட்ஸ்அப், வாய்ஸ் நோட் எதையும் அழிக்காதீங்க. பையனோட பாஸ்போர்ட் ஒரிஜினல் குடுத்திருந்தா இன்னைக்கே வாங்குங்க.

பதினஞ்சுக்கு இருபது:

20 பர்சென்ட் நார்மலே இல்ல. புது ரூல் வந்தப்ப ஃபிஃபா உச்சவரம்பு வெச்சது: ப்ளேயர் சம்பளம் வருஷத்துக்கு 2 லட்சம் டாலருக்குள்ள இருந்தா 5 பர்சென்ட், அதுக்கு மேல போற தொகைக்கு 3 பர்சென்ட். ப்ளேயருக்கும் அவன எடுக்கற க்ளப்புக்கும் ரெண்டு பேருக்கும் சேர்த்து வேலை செஞ்சா 10, 6. விக்கிற க்ளப்புக்கு வேலை செஞ்சா ட்ரான்ஸ்ஃபர் தொகைல 10. மூணு பக்கமும் ஒரே ஆள் நிக்கக்கூடாதுன்னும் சொன்னாங்க, ஃப்ரான்ஸ் ப்ளேயர் போக்பா 2016-ல யுவென்டஸ்லருந்து மான்செஸ்டர் யுனைடெட் போனப்ப அவரோட ஏஜென்ட் மினோ ராய்லா எல்லா பக்கமும் வாங்கினார்னு லீக் ஆன டாக்குமென்ட்ல வந்துச்சே, அந்த மாதிரி ஆட்டம்தான் குறி.

ஆனா உண்மைய சொல்லணும்னா அந்த உச்சவரம்பு 2023 கடைசிலயே தூங்கப் போயிடுச்சு. ஏஜென்ட்டுங்க கேஸ் போட்டாங்க. 2023 ஜூலைல விளையாட்டு நடுவர் மன்றம் ஃபிஃபா பக்கம் சொல்லுச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே மே மாசம் ஜெர்மனில டார்ட்மண்ட் கோர்ட் தடை போட்டாச்சு, நவம்பர்ல இங்கிலாந்து தீர்ப்பாயமும் வியாபாரப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. கடைசில 2023 டிசம்பர் 30-ஆம் தேதி ஃபிஃபாவே உலகம் பூரா அந்த பிரிவுகள நிறுத்தி வெக்கறோம்னு சர்க்குலர் விட்டுடுச்சு, ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்ற வரைக்கும். லைசென்ஸ், பரீட்சை, மைனர் ரூல் இதெல்லாம் அப்படியே இருக்கு, நிறுத்தி வெச்சது பெரும்பாலும் காசு சம்பந்தப்பட்டது. நம்மள மாதிரி வருஷம் 600 டாலர் கட்டி லைசென்ஸ் வெச்சிருக்கவன் நிலைமைய யாரும் கேக்கமாட்டேங்குறாங்க, அது வேற கதை.

நியூஜெர்சி நாடோடி:

இந்த உச்சவரம்பு விஷயத்துல ஒரு சுவாரசியம். இங்க அமெரிக்கால என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) ஏஜென்ட்டுக்கு 3 பர்சென்ட், என்பிஏக்கு (பாஸ்கெட்பால் லீக்) 4 பர்சென்ட்தான் உச்சம், பல வருஷமா இருக்கு, ஏன்னா அந்த ரூல போடறது லீகோ க்ளப்போ இல்ல, ப்ளேயருங்களோட யூனியன். தொழிலாளர் சட்டப்படி சம்பளம் பேசற உரிமை முழுக்க யூனியனோடது, அது "சரி, தனித்தனியா பேச உங்களுக்கு அனுமதி தர்றோம், ஆனா எங்க ஆளுங்ககிட்ட இவ்வளவுக்கு மேல வாங்காதீங்க"ன்னு ஏஜென்ட்டுக்கு சொல்லுது. ஃபிஃபாங்கறது யாரு? நாட்டு சங்கங்கள், அதுக்கு கீழ க்ளப்புங்க. அதாவது ஏஜென்ட்டுக்கு காசு குடுக்கற ஆளுங்களே ஒண்ணா உக்காந்து "இனிமே இவ்வளவுதான் குடுப்போம்"னு பேசி வெக்கற மாதிரி. கோயம்பேட்டுல வியாபாரிங்க எல்லாம் சேர்ந்து லோடு இறக்கறவங்க கூலிய இவ்வளவுதான்னு முடிவு பண்ணா எப்படி? நோக்கம் நல்லதா இருக்கலாம், முடிவு பண்ற ஆள் தப்பு. ஐரோப்பால கோர்ட்டு கேள்வி கேட்டதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

சேப்பாக்கம் கேலரி:

அது சரி, கிரிக்கெட்ல? பிசிசிஐ இதுல என்ன பண்ணுது, யாருக்காவது தெரியுமா, சும்மா ஆர்வத்துல கேக்குறேன்

கறுப்பு கோட்டு:

பிசிசிஐய சீர்திருத்த சுப்ரீம் கோர்ட் போட்ட லோதா கமிட்டி 2016-லயே ஏஜென்ட்டுங்கள ரிஜிஸ்டர் பண்ணுங்க, அதுக்கு நெறிமுறை வைங்கன்னு எழுதிச்சு. கிரிக்கெட் வேற உலகம்பா, ஐபிஎல் ஏலத்துல விலை பேச ஏஜென்ட்டுக்கு இடமே கிடையாது, பேட்ல ஒட்டற ஸ்டிக்கரும் விளம்பரமும்தான் அவங்க பொழப்பு. 1995-ல மார்க் மஸ்கரேனாஸ் சச்சினோட ஒப்பந்தம் போட்டப்பதான் நம்ம ஊர்ல ப்ளேயர் மேனேஜர்ங்கற வார்த்தையே பலருக்கு தெரிஞ்சுது. தனி த்ரெட் போடுங்க, இங்க மாமா டென்ஷன்ல இருக்கார்.

மைதான மண்ணு:

மாமா, போர்ச்சுகல்னு சொன்னதால ஒரு விஷயம், அக்காவுக்கு இத படிச்சு காட்டுங்க. 2023 ஜூன் மாசம் போர்ச்சுகல் வடக்குல ஒரு ஃபுட்பால் அகாடமில போலீஸ் ரெய்டு. உள்ள இருந்தது தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியாலருந்து வந்த பசங்க, அதுல 36 பேர் மைனர். பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிருந்தாங்க. பசங்க வீட்டுலருந்து மாசாமாசம் காசு அனுப்பிட்டு இருந்தாங்க, பையன் அங்க ப்ளேயர் ஆயிட்டு இருக்கான்னு நம்பி. நம்ம ஊர்லருந்து போன ஆள் சொன்ன கதை இல்ல இது, பேப்பர்ல வந்தது.

பையன் 18 ஆகற வரைக்கும் இங்கயே ஆடட்டும். நம்ம நந்தகுமார் சேகர், சிவசக்தி எல்லாம் இங்க ஆடித்தான் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) போனாங்க. சென்னை லீக்ல எந்த டீம்ல இருக்கான்னு இன்பாக்ஸ்ல அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்குறேன். காசெல்லாம் வேணாம், டீ வாங்கிக் குடுங்க.

வடசென்னை மாமா:

அப்டேட். நேத்து அவர் பேர ஃபிஃபா லிஸ்ட்ல தேடினேன், ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி நாலு விதமா போட்டுப் பாத்தேன், இல்ல. போன் பண்ணி கேட்டேன், "லைசென்ஸ் எங்க பாஸ் பேர்ல இருக்கு சார், நான் ஸ்கவுட்டிங் ஹெட்"ன்னார். கார்டுல ஃபிஃபா ஏஜென்ட்னு போட்டிருக்கேன்னு கேட்டேன், அது ப்ரிண்டிங் மிஸ்டேக்காம். பாஸ் பேர் சொன்னார், அது லிஸ்ட்ல இருக்கு, வேற நாடு. இப்ப என்ன, இது ஓகேவா? அக்கா "பாத்தியா, இருக்குல்ல"ங்குறா.

பதினஞ்சுக்கு இருபது:

ஓகே இல்ல மாமா. ஏஜென்ட் கம்பெனி வெச்சு ஆள் போட்டுக்கலாம், ஆனா லைசென்ஸ் இல்லாத ஸ்டாஃப் ப்ளேயர்கிட்ட போய் "எங்ககிட்ட சைன் பண்ணு"ன்னு பேசறதே ரூல்ல தடை. கான்ட்ராக்ட் பேசறது மட்டுமில்ல, ஆள் பிடிக்கறதே தடை. அந்த பாஸுக்கு நேரா ஒரு மெயில் போடுங்க, "உங்க ஆள்னு சொல்லி 16 வயசு பையன்கிட்ட பணம் கேக்குறார், ரசீது உங்க பேர்ல தருவீங்களா"ன்னு. அவ்வளவுதான் எழுதுங்க.

வடசென்னை மாமா:

மெயில் போட்டு மூணாவது நாள் ரிப்ளை வந்துச்சு, ரெண்டே வரி, அப்படி ஒருத்தர் எங்ககிட்ட வேலை செய்யல, இந்தியால எங்களுக்கு யாரும் இல்லன்னு. அத அப்படியே நம்ம ஸ்கவுட்டிங் ஹெட்டுக்கு அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பத்து நிமிஷத்துல டிபி காணாம போச்சு. பத்தாயிரமும்.

அக்கா ரெண்டு நாளா என்கிட்ட பேசல. மாமா மட்டும் ராத்திரி ஆட்டோவ நிறுத்திட்டு வந்து, "நல்ல வேளைடா"ன்னு சொல்லிட்டு சாப்பிட போயிட்டார். பாஸ்போர்ட் பத்தி கவலை இல்ல, இன்னும் அப்ளையே பண்ணலயாம், அதுக்கும் சேத்துத்தான் 3.5 லட்சம்னு சொல்லியிருக்கான்.

மைதான மண்ணு அண்ணே, இன்பாக்ஸ் பாருங்க, டீம் பேர் அனுப்பியிருக்கேன். ஞாயிறு காலைல ஆறரைக்கு ப்ராக்டிஸ். பையன் இன்னும் மூஞ்சிய தூக்கி வெச்சிட்டு இருக்கான், நீங்க வர்றீங்கன்னு சொல்லல, சும்மா வந்து பாருங்க.